தெருவைப் பார்த்த குழாய்

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்குவதற்குள் அடுப்பைப் பத்து தடவை எட்டிப் பார்ப்பவள் நான். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த காலத்தில், புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவள் ஒரு வருஷம் முழுக்க ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அலைந்தேன் என்றால், வீட்டில் இருந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட வருஷமாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கேள்வி இதுதான்: என் குரல் சின்னதா, இல்லை, சுற்றியிருந்த சத்தம் பெரிதா?

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் தேரடியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே அறையில் எங்கள் இன்னிசைக் குழு பிராக்டீஸ் செய்யும். முதலாளியிடம் கெஞ்சி அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தது நான்தான். சாவியும் என்னிடம்தான் இருந்தது. குழுவில் இருந்த ஒரே பெண் குரலும் நான்தான்.

குழுவை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். தாலுகா ஆபீசில் கிளார்க். அக்கார்டியன் வாசிப்பார். டிரம்ஸ்காரர் வாரம் பூராவும் லாரி ஷெட்டில் தகரம் தட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை தோலைத் தட்டினார், கைக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. எலெக்ட்ரிக் கிடார் வாசித்த பையனுக்கென்று தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி உண்டு. ஆண் குரல் ஒரு ஜவுளிக்கடைக்காரர். கடை வாசலில் நின்று வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவருக்கு. மைக் என்று ஒன்று இருப்பதையே அவர் மதித்ததில்லை.

அந்த அறை ரயில்பெட்டி மாதிரி நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். இரண்டு பக்கமும் மேசைகள், அவற்றின் மேல் ரெக்ஸின் உறை போட்ட மெஷின்கள். டிரம்ஸ்காரர் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தால் ஏதாவது ஒரு மெஷினின் மணி டிங்கென்று அடிக்கும். கோடை மாதங்களில் மலையின் சூடு வேறு அந்தச் சுவரில் ஏறிக்கொள்ளும். நடுவில் நின்று நான் பாடுவேன். பாடுகிறேன் என்பது என் வாய் அசைவதால் மற்றவர்களுக்குத் தெரியும். எனக்கு அதுவும் தெரியாது. என் குரல் என் காதுக்கு வராது. வராதபோது மனிதர்கள் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். கத்தினேன்.

மூன்று மணி நேரம் கத்திவிட்டு வீட்டுக்குப் போனால் வெந்நீரில் மிளகு போட்டுக் குடித்தாலும் தொண்டைக்கட்டு இறங்காது. கச்சேரிக்கு முந்தின நாட்களில் பிராக்டீஸ் ஜாஸ்தி, அதனால் கச்சேரி அன்றைக்குக் குரல் கம்மி. போளூரில் ஒரு கல்யாண வரவேற்பில் இரண்டாவது சரணத்தில் என் குரல் பாதியில் உடைந்து காற்று மட்டும் வந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

அடுத்த ஞாயிறு நான் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டேன்.

“மாஸ்டர், பிராக்டீஸுக்கு எனக்கு ஒரு மைக் வேணும். என் குரல் எனக்கே கேக்க மாட்டேங்குதுங்க. அதான் கத்தறேன். கத்தி கத்தியே கச்சேரிக்கு முன்னாடி தொண்டை போயிடுது.”

மாஸ்டர் அக்கார்டியனை மடியிலிருந்து இறக்காமலேயே சொன்னார். “இன்னாம்மா நீ, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். குரல்னா அதுவா எழும்பணும். உனக்கு சாரீரம் கம்மி. அத ஒத்துக்கோயேன்.”

“கூடம் கோணலாவே இருந்தா?”

டிரம்ஸ்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியை எடுத்து மேசைமேல் டக்கென்று வைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து நீங்களே திறந்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். முதலாளி என்னைத் தவிர வேறு யாருக்கும் சாவி தரமாட்டார் என்று அவருக்குத் தெரியும். சாரீரம் இல்லாவிட்டாலும் சாவி இருந்தது, அதனால் என் பேச்சு எடுபட்டது. ஒரு செட் வாங்கலாம் என்று முடிவானது. ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

“செட்டு வாங்கியும் உன் குரல் நிக்கலன்னா, தீபத்துக்கு வேலூர்லேந்து ஒரு பொண்ண கூட்டினு வந்துடுவேன். அப்புறம் கோச்சுக்கக் கூடாது.”

தீபத் திருவிழாவின்போது வியாபாரிகள் போடும் மேடை எங்கள் ஊரில் பெரிய மேடை. அங்கே பாடினால் அடுத்த தீபம் வரை அழைப்பு வரும். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

கல்யாண வீடுகளுக்கும் கோயில்களுக்கும் மைக் செட் வாடகைக்கு விடும் கடைக்குப் போனோம். வாடகைக்கு எடுப்பது கட்டுப்படியாகாது. ஞாயிறு முகூர்த்த நாளென்றால் கடையில் ஒரு வயர்கூட மிஞ்சாது. பழையது ஏதாவது விலைக்கு இருக்கிறதா என்று கேட்டோம். கடைக்காரர் ஓர் ஆம்ப்ளிபயரையும் மைக்கையும் எடுத்து வைத்தார். அதோடு சேர்த்துக்கொள்ள இரண்டு விதமான ஸ்பீக்கர் இருந்தது, ஒன்றுதான் எங்களால் முடியும். ஒன்று, மரத்தின் உச்சியில் கட்டுவார்களே, அந்த அலுமினியக் குழாய். இன்னொன்று, முழங்கால் உயரத்தில் ஒரு மரப்பெட்டி. முன்னால் துணி ஒட்டி, மூலையில் எலி கடித்திருந்தது.

“இந்தப் பெட்டி எதுக்குங்க?” என்று கேட்டேன்.

“அது மண்டபத்துக்குள்ள கதாகாலட்சேபம் நடந்தா வைக்கிறதும்மா. உக்காந்துனு கேக்கறவங்களுக்கு. பாட்டுக் கச்சேரிக்கெல்லாம் குழாய்தான்.”

எனக்கு அந்தப் பெட்டிமேல் ஒரு கண். உட்கார்ந்து கேட்பவர்களுக்கு என்றால் நின்று பாடுகிறவளுக்கும் ஆகாதா? சொன்னேன். கூட வந்திருந்த ஆண்கள் மூன்று பேரும் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் மைக் செட்டின் தரத்தை அளக்க ஒரே ஓர் அளவுதான். எத்தனை தூரம் கேட்கிறது என்பது. கல்யாண வீட்டுக் குழாய் பக்கத்து ஊருக்குக் கேட்காவிட்டால், பெண் வீட்டார் கை சுருங்கியவர்கள் என்று பேச்சு வரும்.

மாஸ்டரும் அந்த அளவைத்தான் எடுத்தார். கடை வாசலில் குழாயை வைத்து, என்னை மைக்கில் ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னார். பிறகு தெருவில் நடக்க ஆரம்பித்தார். நடந்தார், நடந்தார், சைக்கிள்களும் குதிரை வண்டிகளும் விலக நடந்துகொண்டே இருந்தார். தெருக்கோடி திரும்பும் இடத்தில் நின்று, தோளில் இருந்த துண்டை எடுத்து ஆட்டினார். கேட்கிறதாம்! பெட்டிக்கும் அதே சோதனை வைத்தார். பாதித் தெருவிலேயே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

நாலடி தள்ளி நிற்கும் எனக்குக் கேட்க ஒரு ஸ்பீக்கர் வேண்டும். அதைத் தெருக்கோடியில் நின்று தேர்ந்தெடுத்தார்கள். குழாய் எங்களோடு ரிக்‌ஷாவில் வந்தது.

அந்த அறைக்குள் அதைப் போட்டதும் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அது கீயென்று கத்தத் தொடங்கியது. மைக்கை இந்தப் பக்கம் திருப்பினால் ஊளை, அந்தப் பக்கம் திருப்பினால் அலறல். மெஷின்கள் எல்லாம் சேர்ந்து நடுங்கின. சத்தத்தைக் குறைத்தால் ஊளை நின்றது, கூடவே என் குரலும் நின்றது. மேசை மேல் வைத்தார்கள், மூலையில் வைத்தார்கள், மூட்டை கட்டி வைத்தார்கள். கடைசியில் டிரம்ஸ்காரருக்கு ஒரு யோசனை வந்தது. குழாயின் வாயை ஜன்னலுக்கு வெளியே திருப்பி, கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

ஊளை சட்டென்று நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள்.

“பாடும்மா, இப்ப சுத்தமா இருக்குது பாரு” என்றார் மாஸ்டர்.

சுத்தமாகத்தான் இருந்தது. என் குரல் மொத்தமும் தெருவுக்குப் போய்விட்டது. அறைக்குள் எப்போதும்போல டிரம்ஸ், கிடார், அக்கார்டியன். நான் எப்போதும்போலக் கத்தினேன். என்ன அபத்தம் என்று நான் சொல்லச் சொல்ல, “செட்டு வேல செய்யுதில்ல? அப்புறம் இன்னா?” என்று கேட்டார்கள். செட் வேலை செய்தது உண்மைதான். யாருக்காகச் செய்தது என்பதுதான் கேள்வி.

எதிரே இருந்த டீக்கடைக்காக என்று சில வாரங்களில் தெரிந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் இன்ஸ்டிடியூட்டைத் திறக்க வந்தபோது டீக்கடைக்காரர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே கூப்பிட்டார்.

“டீச்சரம்மா, பாட்டு நல்லாத்தான் ஆரம்பிக்கிறீங்க. ரெண்டாவது சரணத்துல மட்டும் எதுக்குங்க சண்ட போடறாப்ல பாடறீங்க?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகுதான் விளங்கியது. மைக்கில் போவது என் குரல் மட்டும். டிரம்ஸும் கிடாரும் தெருவுக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். ஆக, மேளமில்லாமல், தாளமில்லாமல், ஒரு பெண் மாடியில் நின்று தனியாகக் கத்துவதை ஞாயிறுதோறும் ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறது. வாழைப்பழக் கடைக்காரி கேட்டிருந்தாள், தேர் பார்க்க வந்தவன் கேட்டிருந்தான், லாட்ஜில் தங்கியவன் கேட்டிருந்தான். கேட்காத ஆள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது, பகலில் ஓரிடத்தில் உட்கார முடியாது. கீழே போய் நின்று கேட்கலாம் என்றால், நான் கீழே போய்விட்டால் பாடுவது யார்?

டீக்கடைக்காரர் சொன்னது மாஸ்டர் காதுக்கும் போனது. அவருக்கு அது போதும். “தெருவே சொல்லுது பாரும்மா” என்றார். வேலூரிலிருந்து பெண் வரும் ஞாயிறும் குறிக்கப்பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறையைத் திறந்துவிட்டதும் நானேதான். சாவியைத் தராமல் மக்கர் செய்திருக்கலாம். தோன்றாமல் இல்லை. ஆனால் அவள் மாடி ஏறி வந்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. என்னைவிடச் சின்னவள். பஸ்ஸில் வந்த களைப்பு, கையில் ஒரு ஒயர்கூடை, அதில் சாப்பாட்டு டப்பா. என்னைப் பார்த்து, “வணக்கம்க்கா” என்றாள். யாருடைய இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

“நீ கொஞ்சம் கீழ இரும்மா. அந்தப் பொண்ணு கூச்சப்படும்” என்றார் மாஸ்டர்.

கீழே போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். எதிர் மாடி ஜன்னலில் குழாய். சற்று நேரத்தில் அதிலிருந்து அவள் குரல் வந்தது.

முதல் வரி தேன்தான். இரண்டாவது வரியும் அப்படியே. பிறகு உள்ளே டிரம்ஸ் சேர்ந்தது, தூரத்தில் இடிப்பதுபோலக் கேட்டது. உடனே அவள் குரல் இறுகியது. கிடார் சேர்ந்ததும் இன்னும் இறுகியது. முதல் சரணத்தில் மூச்சைப் பிடித்தாள். இரண்டாவது சரணத்தில் நான் எந்த இடத்தில் கத்துவேனோ, அதே இடத்தில், அதே மாதிரி, தொண்டை நரம்பு புடைக்கிற கத்தல்.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இன்னாங்க இது! நீங்க இங்க நிக்கறீங்க, அப்ப மேல யாரு பாடறது? நீங்கன்னு இல்ல நெனச்சேன்!”

சந்தோஷமாக இருந்தது. எதற்கு மறைக்க வேண்டும்? ஒருத்தி தவிக்கிறாள், நான் கீழே நின்று பூரித்துப் போனேன். குரல் சின்னதில்லை, கூடம்தான் கோணல். இன்னும் இரண்டு பாட்டில் மாஸ்டர் உதட்டைப் பிதுக்குவார், அவள் சாயங்கால பஸ்ஸில் வேலூர் போவாள், தீபத்து மேடை என்னுடையது. நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. பேசாமல் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

எனக்குத்தான் உட்கார வராதே.

அடுத்த பாட்டை அவள் தொடங்கியபோது நான் மைக் செட் கடைக்குப் பாதி தூரம் போய்விட்டேன். குழாயைத் திருப்பித் தருகிறேன், பெட்டியைக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் யோசித்தார். குழாய்க்கு எப்போதும் கிராக்கி உண்டு, எலி கடித்த பெட்டியை எவன் கேட்கப்போகிறான்? எடுத்துக்கொண்டு போம்மா என்றுவிட்டார். ரிக்‌ஷாவில் ஏற்றி, மாடிப்படியில் நானும் ரிக்‌ஷாக்காரருமாகத் தூக்கிக்கொண்டு போய் அறை நடுவில் வைத்தோம். பாட்டு அந்தரத்தில் நின்றது.

“இன்னாம்மா இது?” என்றார் மாஸ்டர்.

“கொஞ்சம் சும்மா இருங்க மாஸ்டர்.”

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. குழாயின் வயரைப் பிடுங்கிப் பெட்டியில் சேர்த்தேன். பின்பக்கம் வைத்தேன், ஊளையிட்டது. பக்கத்தில் வைத்தேன், முனகியது. வியர்த்துக் கொட்ட அதை அறை முழுக்க இழுத்துக்கொண்டே திரிந்தேன். கடைசியில் எங்களுக்கு முன்னால் ஒரு மெஷின் மேசையில் ஏற்றி, முகத்தைப் பார்க்கும்படி வைத்து, மைக்கின் முதுகு பெட்டியைப் பார்க்கத் திருப்பினேன். ஊளை அடங்கியது. டிரம்ஸ் மேல் என் சேலை முந்தானையைப் போட முடியாது, அதனால் இரண்டு மெஷின்களின் ரெக்ஸின் உறையை உருவிப் போட்டேன். கிடார்காரனின் பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். டிரம்ஸ்காரருக்குக் கோபம். “கச்சேரியில இப்படியா வாசிப்பேன்?” என்றார். “கச்சேரியில உங்க இஷ்டத்துக்கு அடிங்கண்ணே, இங்க தட்டுனா போதும்” என்றேன்.

“நீ பாடும்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “மைக்க வாய்கிட்ட வச்சுக்கோ. கத்தாத. பேசறாப்ல பாடு.”

அவள் பாடினாள்.

இரண்டாவது சரணம் வந்தது. அவள் கத்தவில்லை. அந்த உயரத்துக்குக் குரல் தானாகப் போனது, அங்கே கொஞ்சம் நின்றது, அவசரமே இல்லாமல் இறங்கியது. ஜவுளிக்கடைக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அவர் கண்ணை மூடி நான் பார்த்ததே கிடையாது.

பிறகு நான் பாடினேன். என் குரல் பெட்டியிலிருந்து என் முகத்துக்கே வந்தது. முதல் வரியிலேயே நின்றுவிடப் பார்த்தேன், அவ்வளவு விசித்திரமாக இருந்தது. இதுவா நான் என்று தோன்றியது. சின்னக் குரல் இல்லை. மூக்கில் லேசாக ஓர் இழுப்பு. ஸ்ருதி விலகவில்லை, சரணத்தில் உடையவில்லை. நல்ல குரல்தான். ஒரு வருஷமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பதிலுக்குப் பக்கத்திலேயே, நான் கேட்காத இன்னொரு கேள்விக்கும் பதில் இருந்தது. அவள் பாடியபோது அறையில் எல்லோரும் கேட்டார்கள். நான் பாடியபோது எல்லோரும் அவரவர் பாட்டுக்கு வாசித்தார்கள்.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “உனக்கு சாரீரம் கம்மின்னு சொன்னது தப்பும்மா.”

“அதச் சொல்ல ஒரு வருஷமா மாஸ்டர்?”

அவர் அக்கார்டியனின் பித்தான்களைப் பார்த்தார். “ரெண்டு பேரும்...” என்று ஏதோ தொடங்கினார். அவர் முடிக்கும்வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. அவர் வாயால் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது வலி கம்மி.

“தீபத்துக்கு அவளே பாடட்டும். நான் பின்பாட்டு பாடறேன்.”

சாயங்காலம் அவளை நானே பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அதற்குள் யாரோ அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள், நான் யார், அவள் வந்தது எதற்கு என்று. வேலூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒயர்கூடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? கோச்சுக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“அந்தக் குழாயே இருந்திருந்தா நான் ஒண்ணும் பாடியிருக்க மாட்டேன். தொண்ட கட்டிப் போயி இந்நேரம் அழுதுனே பஸ் ஏறியிருப்பேன். நீங்கதான மேடையில பாடியிருப்பீங்க. எதுக்குக்கா அந்தப் பெட்டிய தூக்கினு வந்தீங்க?”

“எனக்குக் கேக்கணும்னு இருந்துச்சு.”

“என்ன கேக்கணும்?”

“என் குரல்.”

அவள் என்னைப் பார்த்தாள். “எப்படிக்கா இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சும்மா” என்றேன். “உன்னுது கேக்காம இருந்திருந்தா அதுவே போதும்னு தோணியிருக்கும்.”

பஸ் வந்தது. கூட்டத்தில் முண்டியடித்து ஏறி அவளுக்கு ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு சாப்பாடு கட்டிக்கொண்டு வர வேண்டாம், எங்கள் வீட்டில் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.